வந்திருந்தோர் கணக்கு: புதுச்சேரியில் அவைத் தீர்மானமும் மின்வழி வாக்கும்

புதுச்சேரியில் வாழும் பிரெஞ்சுக் குடிமக்கள், பிரான்சு நாட்டின் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது வாக்குச்சாவடிக்கு நேரில் சென்று, மறைவிடத்தில் சீட்டை உறையிலிட்டு, எல்லோர் கண்முன்னும் பெட்டியில் போடுகிறார்கள். அதே வாக்காளர்கள் அந்நாட்டின் மக்களவைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும்போது, வீட்டை விட்டு வெளியே வராமல் கணினியிலோ கைப்பேசியிலோ வாக்களித்துவிட முடிகிறது. ஒரே நகரத்தில், ஒரே மக்களிடம், ஒரே அரசு இவ்விரு முறைகளையும் கையாள்வதற்கான காரணங்களைத் தேடினால், கணினியின் வரலாற்றைவிட இந்நகரத்து அவைகளின் வரலாறே அதிகம் விளக்கம் தருகிறது. கூடிப் பேசித் தீர்மானிப்பதற்கும் வாக்களிப்பதற்கும் இங்கே கையாளப்பட்ட கருவிகள் காலந்தோறும் மாறியிருக்கின்றன. ஆனால் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது, அவையில் வந்திருப்பவராக யாரைக் கணக்கில் கொள்வது என்ற இரு கேள்விகள் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் திரும்ப எழுந்திருக்கின்றன. வழக்குகளும் சச்சரவுகளும் பெரும்பாலும் கருவியைப் பற்றியனவாக அமையாமல் இவ்விரண்டைப் பற்றியனவாகவே அமைந்தன.

இக்கேள்விகள் பிரெஞ்சுக்காரர்களோடு கப்பலேறி வந்தவையல்ல. இன்றைய புதுச்சேரிப் பகுதிக்குள் அடங்கும் பாகூர், திரிபுவனை ஆகிய ஊர்கள் சோழர் காலத்தில் பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலங்களாக இருந்தன. அவற்றை ஆண்ட சபை, ஏரி, தோட்டம் முதலானவற்றைக் கவனிக்க வாரியம் எனப்பட்ட ஆண்டுக் குழுக்களை அமைத்தது. முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048ஆம் ஆண்டைச் சேர்ந்த திரிபுவனைக் கல்வெட்டு, அவ்வூரில் இயங்கிய கல்லூரியின் ஆசிரியர் 12 பேரையும் மாணவர் 260 பேரையும் குறிப்பதோடு, அவர்கள் ஊர் வாரியங்களில் பணியாற்ற வேண்டியதில்லை என்று விலக்களித்த செய்தியையும் தருகிறது. குழுவில் அமர்வது உரிமையாக மட்டுமன்றிக் கடமையாகவும் கருதப்பட்டதால்தான் அதிலிருந்து விலக்குப் பெறுவது ஒரு சலுகையாகக் கல்லில் பொறிக்கப்பட்டது. குழுக்களுக்கு ஆள் தேரும் முறையை விரிவாகக் கூறும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்த அந்தக் குடவோலை முறையைப் பலரும் அறிவர். அக்கல்வெட்டுகளில் பெரும்பகுதி யார் பெயரை எழுதலாம், யார் பெயரை எழுதக்கூடாது என்பதற்கே செலவிடப்பட்டுள்ளது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் புதுச்சேரியின் அதிகாரம் முழுவதும் உயர் மன்றம் என்னும் சிறு குழுவிடம் இருந்தது. ஆளுநரும் கம்பெனியின் மூத்த அலுவலர் சிலரும் அடங்கிய இம்மன்றமே நிர்வாகம் செய்தது, வாணிகத்தை நடத்தியது, நீதியும் வழங்கியது. அதன் ஒவ்வொரு முடிவும் குறிப்பேட்டில் எழுதப்பட்டு, இருந்தவர் அனைவரும் கையொப்பமிட்ட பின்னரே செல்லுபடியாயிற்று. 1701 முதல் 1739 வரையிலான அக்குறிப்பேடுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரியில் அச்சாகி, இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. தமிழர் எவருக்கும் அம்மன்றத்தில் இருக்கை இல்லை. ஆளுநர் துய்ப்ளேயின் தலைமைத் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வாணிக இடையாளருமாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் மன்றத்தின் போக்கை உள்ளும் புறமும் அறிந்தவராகத் தெரிகிறார். ஆயினும் அதன் தீர்மானம் எதிலும் அவருடைய கையொப்பம் இடம்பெற வழியில்லாதிருந்தது.

தொலைவிலிருந்து கலந்தாய்வு செய்வதன் சிக்கல் அம்மன்றத்துக்கு 1746இல் கடுமையாக நேர்ந்தது. கப்பற்படைத் தலைவர் லா பூர்தொனே செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றி, மீட்புத் தொகை பெற்றுக்கொண்டு நகரத்தை ஆங்கிலேயருக்கே திருப்பித் தருவதாக உடன்பாடு செய்தார். புதுச்சேரி மன்றம் கூடி அதை ஏற்க மறுத்தது. கடிதங்கள் இரு நகரங்களுக்கும் இடையே ஆள்வழியாகச் சென்றுவரும் நேரத்துக்குள் நிலைமை மாறிவிட்டதால், ஒரு தரப்பின் தீர்மானம் மறு தரப்பை எட்டும்போது அது ஏற்கெனவே நடந்துமுடிந்த ஒன்றைப் பற்றியதாக இருந்தது. மன்றத்தார் தம்முள் சிலரைச் சென்னைக்கே அனுப்பி, அங்கே தம் பெயரால் அதிகாரம் செலுத்த முயன்றபோது லா பூர்தொனே அவர்களை மதிக்கவில்லை. சென்னையில் இருந்தவர் படையோடு இருந்தார், புதுச்சேரியில் இருந்தவர்கள் தீர்மானத்தோடு இருந்தார்கள் என்பதே அந்தச் சச்சரவின் சாரம்.

மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அவைகள் மூன்றாம் குடியரசின் காலத்தில்தான் வந்தன. 1871 முதல் பிரெஞ்சிந்தியா பாரிசின் மக்களவைக்கு ஓர் உறுப்பினரை அனுப்பியது. பின்னர் மேலவைக்கும் ஓர் உறுப்பினர் கிடைத்தார். 1879 சனவரி 25ஆம் நாள் ஆணை பொது மன்றத்தை நிறுவியது. 1880 மார்ச்சு 12ஆம் நாள் ஆணை, கொம்யூன் என்று இன்றும் புதுச்சேரி மக்கள் வழங்கும் உள்ளாட்சிப் பிரிவுகளையும், அவற்றுக்கு மேர் எனப்படும் நகரத்தலைவரையும், நகர்மன்றத்தையும் ஏற்படுத்தியது. கடற்கரையில் நின்ற நகர்மன்றக் கட்டடம் மேரி என்றே அழைக்கப்பட்டது. பிரித்தானிய இந்தியாவில் மாகாண அவைகளுக்கு ஒரு சிலர் மட்டும் வாக்களிக்கும் வாய்ப்புக்கூட உருவாகாத காலத்தில், இங்கே படிப்பறிவோ சொத்தோ இல்லாத ஆண்களும் வாக்காளர்களாக இருந்தார்கள் என்பது உண்மையிலேயே பெருமைக்குரிய செய்தி.

ஆனால் வாக்கை அளித்த சட்டமே அதன் எடையைப் பிரித்தும் வைத்தது. 1884ஆம் ஆண்டு ஆணைப்படி வாக்காளர்கள் மூன்று பட்டியல்களாக வகுக்கப்பட்டனர்: ஐரோப்பியரும் அவர்தம் வழிவந்தோரும் முதற்பட்டியலில் இடம்பெற்றனர்; இந்துச் சட்டம் முதலான தமது மரபுச் சட்டத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை 1881ஆம் ஆண்டு ஆணையின்கீழ் எழுத்துமூலம் ஏற்றுக்கொண்ட ரெனோன்சான்கள் இரண்டாம் பட்டியலிலும், ஏனைய இந்தியர் அனைவரும் மூன்றாம் பட்டியலிலும் வைக்கப்பட்டனர். எண்ணிக்கையில் மிகச் சிறிய முதற்பட்டியலுக்கு மன்றங்களில் அதன் அளவுக்குச் சற்றும் பொருந்தாத இடங்கள் கிடைத்தன. 1899இல் பட்டியல்கள் இரண்டாகக் குறைக்கப்பட்டபோதும் இந்த ஏற்றத்தாழ்வு நீங்கவில்லை. ஒரே பட்டியலும் பெண்களுக்கு வாக்கும் இரண்டாம் உலகப்போர் முடிந்த பின்னரே வந்தன. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் புதுச்சேரித் தேர்தல்கள் ஆள்பலத்துக்கும் அடிதடிக்கும் பெயர்பெற்றவையாக இருந்தன. வாக்குப்பெட்டி இருந்த அறையைப் பிடிப்பவரே வென்றவர் என்ற நிலை பல முறை ஏற்பட்டது.

இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டுப் பாரிசுக்குச் சென்ற உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர்கள். அவர்கள் அங்கே வாக்களித்த முறையும் இந்தக் கட்டுரைக்குத் தேவையானது. மூன்றாம், நான்காம் குடியரசுகளின் மக்களவையில் ஆதரவுக்கு வெள்ளைச் சீட்டும் எதிர்ப்புக்கு நீலச் சீட்டும் பயன்பட்டன. ஒவ்வொரு கட்சியிலும் ஒருவர் தம் சகாக்களின் சீட்டுப்பெட்டிகளை வைத்துக்கொண்டு, அவைக்கு வராதவர்களின் பெயராலும் சீட்டுகளைப் போடுவது வழக்கமாயிற்று. 1958ஆம் ஆண்டு அரசியலமைப்பு உறுப்பினரின் வாக்கு அவர் தாமே அளிக்க வேண்டியது என்று 27ஆம் பிரிவில் விதித்தது; மறுஆண்டு அவையில் மின்வழி வாக்குப் பதிவு பொருத்தப்பட்டது. அப்போதும் பழைய வழக்கம் மறையாமல், வந்திருந்த சிலர் வராதவர்களின் இருக்கைகளுக்குச் சென்று அவர்களுடைய சாவிகளைத் திருப்பினார்கள். 1993இல் அவைத்தலைவர் பிலிப் செகேன் தடுத்து நிறுத்தும்வரை அது நீடித்தது. மின்கருவி வந்தவுடன் ஆள்மாறாட்டம் ஒழிந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அந்த 34 ஆண்டுகள் தக்க மறுப்பாகும்.

புதுச்சேரியின் அவை வரலாற்றில் மிகப் பெரிய வாக்கெடுப்பு 1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் நடந்தது. 1946ஆம் ஆண்டுப் பிரெஞ்சு அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு, தொடர்புடைய மக்களின் ஒப்புதலின்றி நிலப்பகுதி எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தடுத்தது. வங்காளத்தில் இருந்த பிரெஞ்சுக் குடியேற்றமான சந்திரநாகூரில் இவ்வொப்புதல் 1949 சூன் 19ஆம் நாள் பொதுவாக்கெடுப்பின் மூலம் பெறப்பட்டது. இந்தியாவோடு இணைய 7,473 பேரும் எதிராக 114 பேரும் வாக்களித்தனர். தெற்கே அவ்வாறு நடத்துவது எளிதாக இல்லை. யார் வாக்காளர், எந்தப் பட்டியலைக் கொண்டு நடத்துவது, வாக்குச்சாவடிகளை யார் காப்பது ஆகிய கேள்விகளில் இரு அரசுகளும் ஆண்டுக்கணக்கில் உடன்படவில்லை. 1954 மார்ச்சில் புதுச்சேரியின் அரசியல் தலைவர் எதுவார் குபேரும் அவரைச் சார்ந்தவர்களும் இணைப்பின் பக்கம் திரும்பினர். புதுச்சேரிக் கொம்யூன்களின் மேர்களும் நகர்மன்றங்களும் வாக்கெடுப்பின்றியே இந்தியாவோடு இணைய வேண்டும் என்று தீர்மானம் இயற்றினர். பிரெஞ்சிந்தியாவைச் சேர்ந்த ஏனாமும் மாகியும் அவ்வாண்டுக் கோடையிலேயே பிரெஞ்சு நிர்வாகத்தின் கையைவிட்டுப் போயின.

இந்நிலையில் இரு அரசுகளும் கண்ட வழி, மக்களின் ஒப்புதலை அவர்களால் ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களிடம் பெறுவது என்பதாகும். பொது மன்றத்தின் வாரிசாக 1946 முதல் இயங்கிய பிரதிநிதித்துவ சபையின் உறுப்பினர்களும் நகர்மன்ற உறுப்பினர்களும், இந்திய நிலத்தால் சூழப்பட்ட சிற்றூரான கீழூரில் கூடினர். 178 பேர் வாக்களித்தனர். 170 பேர் இணைப்பை ஆதரித்தனர், 8 பேர் எதிர்த்தனர். மூன்று நாட்களில் உடன்பாடு கையெழுத்தாகி, நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது. சில இலட்சம் மக்களின் நாட்டுரிமையை 178 பேரின் ஒரு நாள் வாக்கு முடிவு செய்ததைக் குறைகூறியவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அக்குறையில் நியாயம் உண்டு. ஆயினும் அந்த 178 பேரும் ஓரிடத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள் என்பதும், எண்ணிக்கையை மாற்றிச் சொல்ல யாராலும் இயலவில்லை என்பதும் அவ்வாக்கெடுப்பை நிலைக்கச் செய்தன. எட்டுப் பேரின் எதிர்ப்பும் மறைக்கப்படாமல் பதிவாகியிருப்பது அதன் நேர்மைக்குச் சான்றாக நிற்கிறது.

கைமாற்றம் சட்டப்படி முழுமையானது 1962 ஆகத்து 16ஆம் நாள்தான். 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தம் அன்று நடைமுறைக்கு வந்ததும், இப்பகுதியில் பிறந்து இங்கே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆயினர். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்பியோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 5,000 பேர் அவ்வாறு எழுதிக் கொடுத்தனர். சொல்தா என்று ஊரார் அழைக்கும், இந்தோசீனாவிலும் பிற குடியேற்றங்களிலும் பணிபுரிந்து ஓய்வூதியம் பெற்ற படைவீரர்களின் குடும்பங்கள் அவர்களுள் கணிசமாக இருந்தன. பின்னாளில் இந்நகரத்தில் மின்வழி வாக்குப் பெற்ற வாக்காளர் தொகுதி பெரும்பாலும் அந்த ஆறு மாதங்களில் நிரப்பப்பட்ட படிவங்களிலிருந்து பிறந்தது. ஒரே தெருவில் அண்ணன் இந்திய வாக்காளராகவும் தம்பி பிரெஞ்சு வாக்காளராகவும் இருப்பது இங்கே வியப்புக்குரியதாகக் கருதப்படுவதில்லை.

இவர்களுக்குப் பிரான்சு வாக்களிக்கும் வழிகளைப் படிப்படியாகவே திறந்தது. வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சு மக்களுக்கான உயர் மன்றம் 1948இல் அமைக்கப்பட்டபோது அதன் உறுப்பினரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அவ்வுரிமை 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. குடியரசுத் தலைவர் தேர்தலுக்குத் தூதரகங்களிலேயே வாக்குச்சாவடி அமைக்க 1976ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. 2008இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டு, வெளிநாடுவாழ் பிரெஞ்சு மக்களுக்கென மக்களவையில் 11 தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. புதுச்சேரி அவற்றுள் 11ஆவது தொகுதியில் சேர்ந்தது. இரசியா முதல் சப்பான், ஆத்திரேலியா வரை பரந்த அத்தொகுதியில் ஒரு வேட்பாளரின் கூட்டத்துக்கு வாக்காளர்கள் திரண்டு வருவது நினைத்துப் பார்க்கவும் முடியாதது. தூதரகம் பல நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் வாக்காளருக்கு நேரில் வருவதே தடையாக இருந்ததால், இணைய வாக்கைக் கேட்டவர்கள் முதன்மையாக இத்தகைய மக்களும் அவர்தம் பிரதிநிதிகளும்தான்.

இணைய வாக்குக்கு முதல் சட்டம் 2003 மார்ச்சு 28இல் வந்து, அவ்வாண்டே அம்முறை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சோதிக்கப்பட்டது. 2006இல், முன்கூறிய உயர் மன்றத்தின் வாரிசான வெளிநாடுவாழ் பிரெஞ்சு மக்கள் சபைக்கான தேர்தலில் ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் அது விரிவடைந்தபோது இந்தியாவில் வாழ்ந்த பிரெஞ்சு வாக்காளருக்கும் கிடைத்தது. 2012இல் மக்களவைத் தேர்தலுக்கே இணைய வாக்கு அனுமதிக்கப்பட்டது. அப்போது வாக்களிக்க ஏறத்தாழ ஒரு வாரம் தரப்பட்டது. ஆனால் கணினியில் ஜாவா என்னும் துணைமென்பொருள் குறிப்பிட்ட பதிப்பில் இருந்தால்தான் வாக்குத்திரை திறந்தது. புதிய பதிப்பை நிறுவியிருந்த பலர் வாக்களிக்க முடியாமல் நின்றனர். முன்பு அடியாட்கள் மறித்த வழியை இப்போது ஒரு மென்பொருள் பதிப்பு மறித்தது என்று சொல்வது மிகையாகாது, ஏனெனில் இரண்டிலும் தகுதியுள்ள வாக்காளர் வாயிலில் நிறுத்தப்பட்டார்.

இம்முறை செயல்படும் விதம் பின்வருமாறு. வாக்காளர் தூதரகப் பட்டியலில் தம் மின்னஞ்சல் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். தேர்தலுக்கு முன் அடையாளக் குறியீடும் கடவுச்சொல்லும் மின்னஞ்சல், குறுஞ்செய்தி ஆகிய தனித்தனி வழிகளில் வந்து சேரும். ஒன்றைத் திருடியவர் மற்றொன்றின்றி வாக்களிக்க இயலாது. தேர்ந்தெடுத்த வாக்கு வாக்காளரின் கருவியிலேயே மறைகுறியாக்கப்பட்டு, அதாவது திறவுகோல் இல்லாதவர் படிக்க இயலாத வடிவுக்கு மாற்றப்பட்டு அனுப்பப்படும். திறவுகோல் பாரிசில் மின்வழி வாக்குக்குழுவின் பலரிடம் பங்கிட்டு வைக்கப்படும். குறிப்பிட்ட எண்ணிக்கையினர் கூடித் தத்தம் பங்கை அளித்தால்தான் மின்பெட்டி திறக்கும். இக்குழுவின் தலைவர் நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றமான அரசு மன்றத்தைச் சேர்ந்தவர். மூன்று பூட்டும் மூவரிடம் சாவியும் கொண்ட கோயில் உண்டியலின் ஏற்பாட்டை அறிந்தவர்க்கு இதன் கருத்து புதிதாக இராது. வாக்குப்பதிவு பாரிசு நேரப்படி நண்பகலில் முடியுமானால், கோடையில் அது புதுச்சேரியில் பிற்பகல் 3.30 மணியாகும்.

2017இல் இம்முறை நிறுத்தப்பட்டது. அயல்நாட்டு இணையத் தாக்குதல் பற்றிய அச்சம் மிகுந்திருந்த அவ்வாண்டு மார்ச்சு 6ஆம் நாள், தகவல் பாதுகாப்பு நிறுவனத்தின் பரிந்துரையை ஏற்று, மக்களவைத் தேர்தலில் இணைய வாக்கு இராது என்று அரசு அறிவித்தது. 2022இல் அது மீண்டும் வந்தபோது, தென்னமெரிக்காவை உள்ளடக்கிய இரண்டாம் தொகுதியில், அர்செந்தீனாவில் வாழ்ந்த பெருந்தொகை வாக்காளர்களுக்குக் குறியீட்டுச் செய்திகள் சென்று சேரவில்லை. அரசியலமைப்பு மன்றம் 2023 சனவரியில் அத்தொகுதியின் தேர்தலையே செல்லாதென்று அறிவித்தது. அதே தேர்தலின் நெறிமுறையை நான்சி நகரத்து லோரியா ஆய்வகத்தின் இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து, தம் வாக்கு பெட்டிக்குள் சேர்ந்ததா என்று வாக்காளர் சரிபார்க்கும் ஏற்பாட்டிலேயே குறைகள் இருந்ததைக் காட்டினர். திருத்தங்களையும் அவர்களே முன்வைத்தனர். 2024 சூனில், எதிர்பாராது அறிவிக்கப்பட்ட தேர்தலின் முதற்சுற்றில், இரண்டே நாள் அவகாசத்தில், உலகெங்குமாக 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைய வாக்குகள் பதிவாயின. இத்தனைக்கும் பிறகும் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு இணையம் திறக்கப்படவில்லை. அப்போது நேரில் வர இயலாதவர், தம் சார்பில் வாக்களிக்க மற்றொரு வாக்காளருக்கு எழுத்துமூலம் அதிகாரம் அளிக்கும் பதிலாள் வாக்கு ஒன்றையே நாட வேண்டும்.

புதுச்சேரியைப் பொறுத்தவரை இவ்வேற்பாட்டின் ஆழமான இடர்ப்பாடு மொழியிலும் வயதிலும் இருக்கிறது. சொல்தாக்களின் விதவைகளில் பலர் தமிழ் மட்டுமே பேசுபவர்கள். பிரெஞ்சு மொழியில் வரும் குறியீட்டுச் செய்தியைப் படிக்கவும் திரையில் சரியான பெயரைத் தொடவும் மகனையோ பேத்தியையோ நம்ப வேண்டியவர்கள். வாக்குச்சாவடியில் மறைவிடத்துக்குள் தனியே சென்றாக வேண்டும் என்ற விதி அவர்களுக்கு ஒரு பாதுகாப்பாக இருந்தது. வீட்டுக் கூடத்தில் அந்த மறைவு இல்லை. மறுபுறம், காரைக்காலிலோ திருச்சியிலோ நோயோடு இருக்கும் முதியவருக்கு வாக்கு என்பதே இணையத்தால்தான் வாய்க்கிறது. இவ்விரண்டில் எது பெரிதென்று பாரிசில் இருந்துகொண்டு முடிவு செய்வது கடினம். வாக்காளருக்கு அவர் மொழியில் விளக்கம் தருவது மட்டும் எவ்வகையிலும் தவிர்க்கக் கூடாதது.

வாக்குக்கு அடுத்தது கலந்தாய்வு. 2013 சூலை 22ஆம் நாள் சட்டம் ஒவ்வொரு தூதரகப் பகுதிக்கும் தூதரக மன்றம் ஒன்றை ஏற்படுத்தியது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆலோசகர்கள் அதில் அமர்ந்து, மாணவர் உதவித்தொகை, முதியோருக்கான உதவி முதலான விண்ணப்பங்களைப் பற்றிக் கருத்துரைக்கிறார்கள். 1826இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு லிசேயில் படிக்கும் புதுச்சேரிப் பிள்ளைகளின் கட்டணமும், ஓய்வூதியமில்லாத முதியவரின் மாதச் செலவும் இவ்வாறான அவைகளில்தான் பேசப்படுகின்றன. தொடக்கத்தில் தூதரே தலைமை வகித்தார். 2019 திசம்பர் 27ஆம் நாள் சட்டத்துக்குப் பின் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுள் ஒருவர் தலைவராகிறார். அரசுக் குழுக்கள் நேரில் கூடாமல் முடிவெடுப்பதற்குப் பிரான்சில் தனிச் சட்டமே உண்டு. 2014 நவம்பர் 6ஆம் நாள் ஆணை, நிர்வாகத்தின் கூட்டுக் குழுக்கள் தொலைபேசி வழியாகவோ காணொலி வழியாகவோ எழுத்துப் பரிமாற்றம் வழியாகவோ கலந்தாய்ந்து தீர்மானிக்கலாம் என்று அனுமதித்தது. பங்கேற்போர் இன்னாரென்று உறுதிசெய்யப்பட வேண்டும், பேச்சு வெளியாருக்குக் கேட்காதிருக்க வேண்டும் என்பன அதன் அடிப்படை நிபந்தனைகள். உள்ளாட்சி அவைகளை அது தன் வரம்புக்கு வெளியே வைத்தது. மக்கள் பார்க்கத் திறந்திருக்க வேண்டிய அவைக்கும் அறைக்குள் நடக்கும் குழுவுக்கும் ஒரே விதி பொருந்தாது என்று சட்டம் இயற்றியவர்கள் உணர்ந்திருந்தனர்.

இந்தியச் சட்டம் முதலில் நிறுவனங்களின் பக்கம் நகர்ந்தது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 173ஆம் பிரிவு இயக்குநர்கள் காணொலி வழியாகக் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம் என்கிறது. 108ஆம் பிரிவு பங்குதாரர்கள் மின்வழியில் வாக்களிக்க இடமளிக்கிறது. ஆண்டுக் கணக்குகளை ஏற்பது போன்ற சில பொருள்களை நேரில் கூடியே முடிவு செய்ய வேண்டும் என்றிருந்த விதி 2021 சூனில் நீக்கப்பட்டது. புதுச்சேரி எல்லையை ஒட்டி அமைந்த ஆரோவிலில் வேறொரு அனுபவம் கிடைத்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அதன் குடியிருப்போர் பேரவை, தீர்மானங்களுக்கு இணைய வாக்கையும் பயன்படுத்தி வந்தது. ஆட்சிக்குழுவோடு எழுந்த பூசலில், பேரவையின் பணி ஆலோசனை கூறுவதே என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. எத்தனை பேர் எவ்வளவு எளிதாக வாக்களித்தாலும், அவ்வாக்குக்கு எடை தருவது சட்டத்தின் வாசகம்தான் என்பது அங்கே தெளிவாயிற்று.

புதுச்சேரிச் சட்டமன்றம் 1963 சூலை 1ஆம் நாள் தொடங்கியது. அதற்கான தேர்தல் 2001இல் முழுவதும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்களால் நடந்தது. எனினும் அவைக்குள் எடுக்கப்படும் வாக்கு இன்றும் குரலாலும் தலை எண்ணிக்கையாலும் முடிவாகிறது. வந்திருந்து வாக்களிப்போரில் பெரும்பான்மை என்பதே சட்டம் கூறும் அளவுகோல். 2020 சூலையில் வரவுசெலவுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது உறுப்பினர் ஒருவருக்குக் கொரோனாத் தொற்று உறுதியாகி, அவை மண்டபத்தில் அமர்வது ஆபத்தாயிற்று. உலகின் பல அவைகள் திரைகளுக்கு மாறிய அவ்வாண்டில், புதுச்சேரி உறுப்பினர்கள் 25ஆம் நாள் சட்டமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் நாற்காலிகளைப் போட்டு அமர்ந்து வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றினர். காணொலியில் தோன்றுபவர் வந்திருந்தவராக மாட்டார் என்ற நிலையில் அவர்களுக்கு அதுவே பாதுகாப்பான வழி. சட்டத்தின் சொல்லை மீறாமல் நோயையும் தவிர்த்த அந்த ஏற்பாடு பாராட்டுக்குரியது. 2021 பெப்ரவரி 22ஆம் நாள் நம்பிக்கைத் தீர்மானத்தின்போது, ஆளுங்கட்சியினர் வாக்கெடுப்புக்கு முன்பே வெளியேறிய அவையில் அரசு வீழ்ந்தது. மத்திய அரசு நியமிக்கும் மூன்று உறுப்பினர்களுக்கும் வாக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2018 திசம்பரில் அளித்த தீர்ப்பு அந்நாளின் எண்ணிக்கைக்கு அடித்தளமாக இருந்தது. பழைய மூன்று பட்டியல்களின் காலத்தைப் போலவே, யார் எண்ணப்படுவார் என்பதே அன்றும் கேள்வியாயிற்று. 2025 சூனில் நேவா என்னும் தேசிய மின்சட்டமன்றச் செயலி இங்கே தொடங்கப்பட்டு, நிகழ்ச்சி நிரலும் வினாக்களும் உறுப்பினரின் மேசைத்திரைக்கு வந்துவிட்டன.

நகர்மன்றங்களின் நிலை வேறு. இணைப்புக்கு வழிவகுத்த தீர்மானங்களை இயற்றிய அந்த அவைகளுக்கு 1968இல் தேர்தல் நடந்தபின் 38 ஆண்டுகள் நடைபெறவில்லை. 2006இல் நடந்த தேர்தலில் அமைந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேர்தல் அறிவிக்கை வெளியாகி, இடஒதுக்கீட்டுச் சிக்கலால் திரும்பப் பெறப்பட்டது. ஐந்து நகராட்சிகளையும் பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளையும் அலுவலர்களே நடத்துகிறார்கள். கடற்கரை மேரிக் கட்டடம் 2014 நவம்பர் 29ஆம் நாள் மழையில் இடிந்து விழுந்தது. பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பப்பட்டு 2021 பெப்ரவரி 25ஆம் நாள் பிரதமரால் திறந்துவைக்கப்பட்டபோது, அதற்குள் கூடி வாக்களிக்க மக்கள் தேர்ந்தெடுத்த நகர்மன்றம் பத்தாண்டுகளாக இல்லாதிருந்தது.